கோளரங்கத் தொண்டும் நம் இளைஞர்களும்

(கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. அதனைச் செய்வதற்கு என்னினும் தகுதியுடைய பெரியோர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்போ கோளரங்கத்தில் தொண்டாற்றுதல் பற்றியது. அழைப்பிதழில் இதனைக் கண்ட பெரியவர் ஒருவர், சற்று முன்னர் வாயிலில் என்னைப் பார்த்து, "ஐயா, நம் பிள்ளைகள் படித்துவிட்டு வேலையின்றி நிற்கிறார்கள், நீங்கள் கூலியில்லாத வேலைக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறீர்களா?" என்று வினவினார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி சிரித்துக் கடக்கத்தக்கதன்று. அதற்கு விடை கூறாமல் நான் மேலே செல்ல இயலாது.

கூலியில்லாத உழைப்பு என்பது நம் மக்களுக்குப் புதியதன்று. 'வெட்டி' என்னும் சொல்லுக்கே கூலியின்றி வாங்கப்படும் வேலை என்பதுதான் பொருள். ஊருக்குச் செய்தி சொல்வதும், வாய்க்காலுக்கு நீர் திருப்புவதும், இறந்த மாட்டை அகற்றுவதும், சுடுகாட்டில் காவல் நிற்பதும் வெட்டி வேலைகளாயின. அவ்வேலையைச் செய்தவனுக்கு அதுவே பெயருமாயிற்று. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதிக்கென 1964ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற பட்டியல் சாதியினர் ஆணையைப் புரட்டிப் பாருங்கள். 'வெட்டியான்' என்னும் பெயர் அதில் இன்றும் உள்ளது. அதே பட்டியலில் அதற்குச் சற்று மேலே மற்றொரு பெயர் உண்டு. அது 'வள்ளுவன்' என்பது.

இவ்விரு பெயர்களும் ஒரே தாளில் நிற்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வள்ளுவர் என்போர் யாவர்? நம் சேரிகளில் நாள் பார்த்தவர்கள். பிறந்த குழந்தைக்கு விண்மீன் குறித்தவர்கள். நம் திருமணங்களையும் சடங்குகளையும் நடத்திவைத்தவர்கள். 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயரும் அவர்களைப் புரோகிதர், சோதிடர் என்றே குறித்துள்ளார். ஆகவே, வானத்தைப் பார்த்துக் கணக்கிடுதல் நமக்கு அயலார் தொழில் என்று எவரேனும் கூறுவாராயின், அரசாங்கத்தின் பட்டியலையே அவருக்குக் காட்டலாம். சோதிடத்தை நான் போற்றவில்லை; அதன் பலன்களில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் திங்கள் எந்த விண்மீனோடு நிற்கிறது என்று கணிப்பது ஒரு கணக்கு. அக்கணக்கு நம்மவர் கையிலும் இருந்தது என்பது வரலாறு.

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெட்டிக்கும் தொண்டுக்கும் உள்ள வேற்றுமை கூலியில் இல்லை. மறுக்கும் உரிமையில் உள்ளது. "இன்று வரமாட்டேன்" என்று சொன்னால் அடியும் பட்டினியும் கிட்டுமாயின் அது வெட்டி. "இன்று வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தலைநிமிர்ந்து உள்ளே செல்ல முடியுமாயின் அது தொண்டு. மற்றொரு வேற்றுமையும் உண்டு. வெட்டி வேலை செய்தவன் அதைச் செய்ததனால் எதையும் கற்கவில்லை. நூறு ஆண்டு செய்தாலும் அவன் நின்ற இடத்திலேயே நிறுத்தப்பட்டான். தொண்டு செய்பவன் கற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். அவ்வாறு வெளியேற வழியில்லாத தொண்டு எங்கு நடந்தாலும், அதற்கு எவ்வளவு அழகிய பெயர் சூட்டப்பட்டிருந்தாலும், நம் இளைஞர்கள் அதனை ஏற்கலாகாது. இதனை இறுதியில் இன்னும் விரிவாகச் சொல்வேன்.

கோளரங்கம் என்பதை நேரில் கண்டிராதவர்களுக்காகச் சில சொற்கள். கவிழ்த்துவைத்த பெருங்கிண்ணம் போன்ற ஒரு மண்டபம். அதன் உட்புறம் வெண்மையாக இருக்கும். நடுவில் ஒரு கருவி. விளக்குகளை அணைத்தவுடன் அக்கருவி விதானம் முழுதும் விண்மீன்களைப் புள்ளிகளாக வீழ்த்துகிறது. செருமனி நாட்டின் சைசு நிறுவனத்தைச் சேர்ந்த வால்தர் பவர்சுபெல்டு என்னும் பொறியாளர் இதனை வடிவமைத்தார்; 1923இல் மியூனிக்கு நகர அருங்காட்சியகத்திற்கென அது காட்டப்பெற்றது. கருவியைத் திருப்பினால் இரவு முழுதும் நிகழும் வானச் சுழற்சியைச் சில நிமிடங்களில் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்த வானத்தையும் காணலாம். பாரிசு நகரத்து வானத்தையும் காரைக்கால் வானத்தையும் அடுத்தடுத்துக் காணலாம். பிற்காலத்தில் வந்த எண்ணியல் கருவிகள் இன்னும் பலவற்றைக் காட்டுகின்றன. நம் நாட்டில் கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1962இலும், மும்பையின் நேரு கோளரங்கம் 1977இலும், தில்லியின் நேரு கோளரங்கம் 1984இலும், சென்னை கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம் 1988இலும், பெங்களூரின் நேரு கோளரங்கம் 1989இலும் தோன்றின. காரைக்காலிலிருந்து சென்று வரத்தக்கவை என்று பார்த்தால், புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரால் அமைந்த அறிவியல் மையமும் கோளரங்கமும், திருச்சிராப்பள்ளியில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கமும் உள்ளன. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் ஒரு வானியல் காட்சியகமும் உண்டு. அந்த ஆய்வுக்கூடம் 1901ஆம் ஆண்டு முதல் சூரியனைத் தொடர்ந்து நோக்கிவருவது.

இவ்விடங்களில் தொண்டருக்கு என்ன வேலை? வரிசையில் வரும் பள்ளிப் பிள்ளைகளை வரவேற்பது. கண் இருளுக்குப் பழகும்வரை அவர்களை அமைதியாக அமர்த்துவது. காட்சிப் பொருள்களின் அருகில் நின்று விளக்குவது. மாலையில் தொலைநோக்கியைத் திறந்தவெளியில் நிறுத்திப் பொதுமக்களுக்குக் காட்டுவது. சிகாகோ நகரத்து ஆட்லர் கோளரங்கம் போன்ற பெரிய நிலையங்களில் மாணவரும் ஓய்வுபெற்றோருமாகத் தொண்டர்கள் பணியாற்றுகின்றனர். தில்லியில் பொழுதுபோக்கு வானியலார் சங்கத்தினர் நேரு கோளரங்கில் கூடி, தொலைநோக்கி நிகழ்ச்சிகளில் பங்கேற்று வந்துள்ளனர். தமிழகத்திலும் புதுவையிலும் இப்பணியை மிகுதியும் செய்தது மக்கள் அறிவியல் இயக்கங்களாகும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், பின்னர்த் தோன்றிய புதுவை அறிவியல் இயக்கமும் கிரகணக் காலங்களில் கண்ணாடி வடிகட்டிகளோடு ஊர் ஊராகச் சென்றதை உங்களில் பலர் அறிவீர்கள். 2004 சூன் 8, 2012 சூன் 6 ஆகிய இரு நாள்களிலும் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோதும், 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கங்கணக் கிரகணம் சென்றபோதும் ஆயிரக்கணக்கானோர் பார்த்தது சம்பளம் வாங்காத இளைஞர்களின் உழைப்பினால்தான்.

வெள்ளி கதிரவனைக் கடப்பது என்றவுடன் நம் புதுச்சேரியின் பழங்கதை ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார் 1760இல் கப்பலேறினார். 1761 சூன் 6 அன்று புதுச்சேரியிலிருந்து அந்நிகழ்ச்சியைக் காண்பது அவர் நோக்கம். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. எட்டாண்டு காத்திருந்து அடுத்த கடப்பைப் பார்ப்பது என்று துணிந்து 1768இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூடம் அமைத்தார், கருவிகளைப் பொருத்தினார். 1769 சூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஒன்றும் காணவில்லை. அவர் 1771இல் நாடு திரும்பியபோது இறந்துவிட்டதாகவே அங்கு முடிவு செய்திருந்தனர்! தொலைநோக்கித் தொண்டில் ஈடுபடுவோர் இவரை நினைவில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் நம் கடற்கரையில் நீங்கள் ஏற்பாடு செய்யும் இரவுகளில் பாதி இவருடைய காலை போலவே முடியும். அதனால்தான் தை முதல் சித்திரை வரையிலான இரவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன்.

லெ ழாந்தி வெறுங்கையோடு திரும்பவில்லை. காத்திருந்த காலத்தில் புதுச்சேரித் தமிழரிடம் அவர் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ் முறையில் கணித்ததில் 41 விநாடிதான் குறைந்தது. அந்நாளில் ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாசு மேயரின் கணக்கில் 68 விநாடி மிகுந்தது. பின்னர் ஜான் வாரன் என்பவர் 1825இல் எழுதிய 'காலசங்கலித' என்னும் நூலில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைத் தாம் கண்ட செய்தியைப் பதிந்துள்ளார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஓர் எழுத்தும் எழுதாமல் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவில்தான் பிழை இருந்தது.

வியக்கத்தக்க திறமைதான். ஆனால் வாரன் மற்றொன்றையும் எழுதினார்: அக்கணிதர் தாம் செய்யும் கணக்கின் காரணத்தை அறியார். ஏன் இதைக் கூட்டுகிறோம், ஏன் அதைக் கழிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. முன்னோர் பாடிவைத்த வாக்கியங்கள் மட்டும் வழுவாமல் நினைவில் இருந்தன. திங்களின் ஓட்டத்திற்கென 248 வாக்கியங்கள் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். 248 நாளில் திங்கள் தன் வேக மாறுபாட்டின் ஒன்பது சுற்றுகளை ஏறக்குறைய முடித்துவிடும் என்பதால் அந்த எண்ணிக்கை. எவ்வளவு நுட்பமான அமைப்பு! ஆனால் சிலருடைய வாயில் மட்டும் அடைத்துவைக்கப்பட்ட அறிவு, கேள்வி கேட்பாரில்லாமையால், காரணத்தை இழந்து ஓசையாக மிஞ்சியது. சேரிப் பிள்ளை அருகில் வந்து "ஏன்?" என்று கேட்டிருந்தால் கணக்கிற்கும் உயிர் வந்திருக்கும், கேட்பதற்கு அவனை யாரும் அருகில் விடவில்லை.

அவ்வாக்கியங்கள் இன்றும் நம்மிடையே நடமாடுகின்றன. ஐந்து கல்லுக்குள் உள்ள திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி எந்நாள் என்று ஆண்டுதோறும் எத்தனை குழப்பம்! திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று பெயர்ச்சி என்று செய்தி பரவியது. கோயிலார், தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் தங்களுக்குப் பெயர்ச்சி 2026ஆம் ஆண்டில்தான் என்று அறிவித்தனர். வானத்தில் உள்ள கோள் ஒன்றே. அது ஓரிடத்தில் இருந்துகொண்டு இரண்டு நாள்களில் எல்லை கடக்க முடியாதன்றோ? பழைய வாய்பாட்டில் தொடக்கத்தில் இருந்த சிறு பிழை நூற்றாண்டுகள்தோறும் சேர்ந்து சில பாகைகளாக வளர்ந்துவிட்டது என்பதே இதன் காரணம். சனி கதிரவனைச் சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு வீடுகளாக அதனைப் பகுத்தால் வீட்டுக்கு இரண்டரை ஆண்டு. கணக்கு அவ்வளவே. ஏழரை ஆண்டு ஒருவனை அது வாட்டும் என்று அஞ்சி, கையிலிருந்த நிலத்தையும் விற்றுப் பரிகாரம் செய்த குடும்பங்களை நம் தெருக்களிலேயே காணலாம்.

யாருடைய வழிபாட்டையும் இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால் சனியைத் தொலைநோக்கியில் ஒருமுறை பார்த்தவன் அதன்பின் அதற்கு அஞ்சுவது அரிது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். வளையம் சூழ்ந்த சிறு மஞ்சள் முத்து. யாரோ வரைந்து உள்ளே ஒட்டிவைத்தது போலத் தோன்றும். பார்ப்பவர்களில் பாதிப் பேர் குழாயின் முன்புறம் சென்று படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். 1610இல் கலிலியோ பார்த்தபோது அது வளையம் என்று அவருக்கே விளங்கவில்லை. 1659இல்தான் ஐகன்சு அதனை விளக்கி எழுதினார். அங்கிருந்து ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 80 நிமிடம் பிடிக்கும். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த கோள் அது. 2025 மார்ச்சில் அதன் துணைக்கோள்களின் எண்ணிக்கை 274 என்று அறிவிக்கப்பெற்றது. பெயர்ச்சிக்கு வரும் இலட்சக்கணக்கான மக்களுக்கு, திருநள்ளாறு சாலையோரத்தில் ஒரு தொலைநோக்கியை நிறுத்திச் சனி தெரியும் மாதங்களில் அதனைக் காட்டும் தொண்டர் படை நம் கழகத்திலிருந்து புறப்படுமாயின், அதனினும் பெரிய வெள்ளி விழாக் கொடை வேறென்ன?

இவ்வாறு சொல்லும்போது, நம்மவர் இத்துறையில் எங்கே ஏறியிருக்கிறார்கள் என்று இளைஞர் கேட்பது இயல்பு. மேகநாத சாகாவின் பெயரை அறிவியல் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். 1893இல் டாக்காவுக்கு அருகில் ஒரு சிற்றூரில், தாழ்வாக மதிக்கப்பட்ட குலத்தில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். படிப்பைத் தொடர வசதியின்றி, வேறோர் ஊரில் மருத்துவர் ஒருவரின் வீட்டில் தங்கி வீட்டு வேலைகளிலும் உதவிக்கொண்டு பள்ளி சென்றார். கல்கத்தாவில் மாணவர் விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர். விடுதியின் கலைமகள் பூசையில் அவரைச் சேர்க்கவில்லை. அந்த மாணவர்தாம் 1920இல் விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறியும் சமன்பாட்டை உலகுக்கு அளித்தார். உலகெங்கும் வானியல் நூல்களில் அது சாகா சமன்பாடு என்றே வழங்குகிறது. கலைமகள் பூசையில் இடம் மறுக்கப்பட்டவரைத் தலைவராக்கித்தான் 1952இல் இந்தியா தன் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் மறைந்துவிட்டார்.

மற்றொருவர் அமெரிக்காவின் மில்டன் ஹியூமசன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். வில்சன் மலையில் ஆய்வுக்கூடம் கட்டியபோது கோவேறு கழுதைகளில் பொருள் ஏற்றிச் சென்ற கூலியாள். 1917இல் அங்கேயே துப்புரவாளராகச் சேர்ந்தார். அத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. இரவில் தொலைநோக்கியருகே உதவியாளாக இருக்கத் தாமே முன்வந்தார். கை நுட்பத்தைக் கண்டு, பட்டமில்லாதவர் என்ற எதிர்ப்பையும் மீறி, 1919இல் அவரைப் பணியாளர் குழுவில் சேர்த்தனர். அண்டம் விரிகிறது என்று ஹபிள் நிறுவிய ஆய்வில், மங்கலான தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளியை இரவிரவாகப் படமெடுத்துத் தந்தவர் அவரே. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. துடைப்பம் பிடித்த நேரத்தில் அவர் வானியலார் ஆகவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டுத் தொலைநோக்கியின் அருகே நிற்பேன் என்று கேட்ட நேரத்தில்தான் ஆனார். ஆகவே, தொண்டுக்குச் செல்லும் நம் பிள்ளையை எந்த நிலையமேனும் தரை கூட்டவும் செருப்பு அடுக்கவும் மட்டும் நிறுத்துமாயின், ஹியூமசன் கதையைச் சொல்லி யாரும் அவனை அங்கேயே இருத்த வேண்டா.

மூன்றாமவர் ஜான் டாப்சன். சான்பிரான்சிசுகோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்வதில் ஈடுபட்டதால் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டே நடைபாதை வானியலார் என்னும் கூட்டத்தைத் தொடங்கினார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, கையால் தேய்த்த ஆடி, இவ்வளவே கருவி. அதனை உருட்டிக்கொண்டு தெரு முனையில் நின்று, போவோர் வருவோரை எல்லாம் அழைத்துத் திங்களைக் காட்டினார். உள்ளே வர உறுப்பினர் சீட்டு வேண்டுமென்று கேட்கும் கூடத்தை அவர் விரும்பவில்லை. அவர் வகுத்த வடிவிலேயே உலகெங்கும் எளிய தொலைநோக்கிகள் செய்யப்படுகின்றன. நம் தச்சர்கள் அந்தப் பெட்டியை அரை நாளில் செய்துவிடுவார்கள். ஆடிதான் வாங்க வேண்டும்.

தெரு முனை என்றதும் ஒன்று கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரில் தொலைநோக்கி நிகழ்ச்சிக்கு நான் சென்றிருந்தேன். ஊரின் பெயர் வேண்டா. கருவியைப் பெரிய தெருவில், கோயில் மண்டபத்தின் முன் நிறுத்தியிருந்தனர். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆயினும் நம் தெருப் பிள்ளைகள் விளக்குக் கம்பத்திற்கு அப்பால் ஒரு கோடு கிழித்தாற்போல நின்றுவிட்டார்கள். "எல்லோரும் பார்த்து முடிக்கட்டும், அப்புறம் அவர்கள் வரட்டும்" என்று ஒரு குரல் மட்டும் எழுந்தது. வந்திருந்த தொண்டர்களில் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் எவரோடும் வாதிடவில்லை. "இங்கே தெருவிளக்கு கண்ணைக் கூசுகிறது, பள்ளிக்கூடத் திடலில்தான் நன்றாகத் தெரியும்" என்று கூறிக் கருவியைத் தூக்கச் சொன்னாள். திடல் எல்லோர்க்கும் பொது. அங்கே வரிசை புதிதாகத் தொடங்கியது. முன்னே ஓடிவந்தவர்கள் முன்னே நின்றார்கள். அன்று முதலில் வியாழனைப் பார்த்தவள் நம் தெருச் சிறுமி. விளக்கு கண்ணைக் கூசியதும் உண்மைதான் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்!

எங்கே நிறுத்துவது, யார் காட்டுவது என்னும் இவ்விரண்டும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். தொலைநோக்கியின் அருகில் நின்று, "கண்ணை இங்கே வை தம்பி, குழாயைப் பிடிக்காதே" என்று எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பவன் நம் தெரு இளைஞனாக இருக்கும்போது, ஊரின் கண்ணில் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது. பத்துத் தீர்மானங்கள் செய்யாததை அது சில வேளை செய்துவிடுகிறது. பெண் பிள்ளைகளையும் இதில் முன்னிறுத்த வேண்டும். இரவு நிகழ்ச்சி என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. இருவராக, மூவராகச் செல்லவும், கழகத்தின் மூத்தவர் ஒருவர் உடன்செல்லவும் ஏற்பாடு செய்தால் தயக்கம் நீங்கும்.

வேலையின் நுட்பம் பற்றிச் சில சொற்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமேனும் வேண்டும். நடுவில் ஒருவர் கைவிளக்கை அடித்தால் எல்லோர்க்கும் அது வீணாகும். எனவே விளக்கிற்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் வானம் திரும்புகிறது. ஆகையால் உருப்பெருக்கிப் பார்க்கும்போது சனி ஓரிரு நிமிடத்தில் பார்வையிலிருந்து நழுவிவிடும். இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை நீங்களே கண்வைத்துச் சரிசெய்தாக வேண்டும். "தெரிகிறதா?" என்று கேட்டால் குழந்தைகள் மரியாதைக்காகத் "தெரிகிறது" என்று சொல்லிவிடுவார்கள். "என்ன நிறம்? வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி, குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் உண்மையாகவே சொல்ல வேண்டும். கதிரவனை மட்டும் வடிகட்டியின்றி ஒரு நொடியும் எவரும் பார்க்க விடலாகாது. சாணம் கரைத்த நீரில் கிரகணத்தைப் பார்க்கும் பழைய வழக்கமும் கண்ணுக்குக் காப்பன்று. சிறு துளையிட்ட அட்டை வழியே நிழலில் உருவம் விழச்செய்து காட்டுங்கள். கிரகணத்தின்போது புளியமரத்து நிழலில் ஆயிரம் பிறைகள் தரையில் கிடக்கும். அதைவிட நல்ல காட்சி கோளரங்கிலும் இல்லை.

நம் ஊர் வானத்திற்கென்று சில சிறப்புகள் உண்டு; தொண்டர் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும். காரைக்கால் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆகவே துருவ விண்மீன் வடக்கே அடிவானத்திற்கு மேல் 11 பாகையில், நீட்டிய கையில் ஒரு முட்டி உயரத்தில், தாழ்ந்து நிற்கிறது. தெற்கே அகத்திய விண்மீன் நன்கு உயர்கிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் தென்சிலுவையும் தெரிகிறது. பாரிசிலும் இலண்டனிலும் உள்ளவர்கள் தம் ஊரிலிருந்து இவ்விரண்டையும் காணவே முடியாது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மீனவ நண்பர்களோடு ஓர் இரவு அமர்ந்து ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோளரங்கில் பார்வையாளருக்குச் சொல்ல உங்களிடம் நூலில் இல்லாத செய்தி இருக்கும்.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறியது. கோளரங்கிற்கோ அறிவியல் மையத்திற்கோ தொண்டுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், கழகத்தின் வாயிலாக எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. பயிற்சி தருவீர்களா? பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் உண்டா? நூலகத்தைப் பயன்படுத்தலாமா? குறித்த காலத்திற்குப் பின் சான்றிதழ் தருவீர்களா? பணி விளக்குவதா, ஏவல் செய்வதா? இவற்றைக் கேட்பது பேராசையன்று. வீட்டில் வசதியுள்ள மாணவன் சொந்தப் பணத்தில் பேருந்தேறித் தொண்டு செய்துவிட்டு, அச்சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் இடம் பெறுகிறான். நம் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது கூலி வேலைக்குச் செல்லும் நாள். கட்டணமும் உணவும் இல்லையெனில் தொண்டு என்பதே வசதியுள்ளவரின் தனியுடைமை ஆகிவிடும். நிலையம் தர இயலாது என்றால், கழகம் அதனைத் தர வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி விழா நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கினால், ஆண்டுக்கு நால்வரையேனும் புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் அனுப்பலாம். இன்றைய மலர் அச்சுச் செலவைவிட அது அதிகமாகாது என்று பொருளாளர் அவர்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன்.

செல்ல வாய்ப்பில்லாதவர்கள் இங்கேயே தொடங்கலாம். ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்டு 24ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை காரைக்காலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். பகல் 12 மணி 10 நிமிட அளவில், நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இதற்குத் தொலைநோக்கி வேண்டா. நேரான ஒரு கம்பும், நூல்குண்டும், கடிகாரமும் போதும். வரும் ஏப்ரலில் நம் கழகத்தின் மாலைப் பள்ளிப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துவரப் பன்னிரண்டு இளைஞர் வேண்டும். காலை பதினொரு மணி முதல் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழல் நுனியைச் சுண்ணாம்பால் குறிக்க வேண்டும். நிழல் ஒழிந்த நேரத்தை எழுதிவைக்க வேண்டும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் உள்ள ஏட்டில் எழுதலாம். பெண்களின் பெயருக்கென முதற்பக்கத்தை விட்டுவைத்திருக்கிறோம்.